தங்கமான அண்ணி

பட்டுச் சட்டையின் மார்புப் பக்கத்தில் ஓட்டை விழுந்திருப்பதைக் கறையக்காதான் முதலில் பார்த்தாள். சின்ன ஓட்டைதான், சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு. தேநீர்க் கறைக்கு மருந்து விட்டு ஓரமாக வைத்திருந்தாள். மருந்து கறையைத் தின்றுவிட்டு, பசி அடங்காமல் துணியையும் தின்றிருந்தது. அந்தச் சலவை நிலையத்தில் அவள் கையில் ஒரு துணி வீணானது இதுவே முதல் தடவை.

அவளுக்குக் கறையக்கா என்ற பெயரைத் தந்த கறை எடுக்கும் மேஜை ஜன்னலோரம் இருந்தது. மற்றவர்கள் துவைப்பார்கள், பிழிவார்கள், நீராவி பறக்க இஸ்திரி போடுவார்கள். இவள் வேலை காத்திருப்பது. ரத்தமா, எண்ணெயா, மையா என்று முகர்ந்தும் தடவியும் கண்டுபிடித்து, துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கமிருந்து சொட்டுச் சொட்டாக மருந்து விடுவாள். தேய்க்கவே மாட்டாள். தேய்த்தால் கறை பரவும். வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்களுக்கு அவள் சும்மா இருப்பது போலத் தோன்றும். உண்மையில் அவள் கண் துணியைவிட்டு நகராது. இதோ இப்போது எடுக்க வேண்டும் என்று ஒரு நேரம் வரும். அதைத் தவறவிடக்கூடாது. இன்று தவறவிட்டாள். கண் துணிமேல் இருந்ததே தவிர, மனம் நேற்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

"என்னக்கா, உங்க துணியிலயே ஓட்டையா?" என்று இஸ்திரிக்காரி எட்டிப் பார்த்தாள். "உலகம் அழியப் போவுது. நான் வீட்டுக்குப் போய் இருக்கறதுல நல்ல துணியா எடுத்து உடுத்திக்கறேன்."

மேனேஜர் வந்து சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாயைத் திறந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். "வேற யாராவதா இருந்தா கத்தியிருப்பேன். உங்களைப் போய் எப்படிம்மா கத்தறது? வாடிக்கையாளர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"கத்துங்க சார். தப்பு என்னோடதுதானே?" என்றாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவளுக்குத் தன் கன்னத்தைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஊரில் எல்லோருக்கும் கோபம் கிடைக்கிறது, பதில் கிடைக்கிறது. தனக்கு மட்டும் எப்போதும் இந்தப் புன்னகை.

நேற்று சாப்பிடும்போது கொழுந்தன் சொன்னான்: "நாளைக்கு சாயங்காலம் தச்சர் வர்றார். ரூம்ல சுவரோட சேர்த்து ஒரு அலமாரி அடிச்சிடலாம்னு இருக்கேன். தரையிலேர்ந்து உச்சி வரைக்கும்." அவள் தலை நிமிர்வதற்குள் அவனே சேர்த்துக்கொண்டான். "அண்ணிகிட்ட தனியா கேக்கணுமா என்ன? அண்ணி தங்கம்."

"அவ என்னிக்காவது எதுக்காவது முகம் சுளிச்சிருக்காளா?" என்று மாமியார் பெருமையோடு அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தார். அவள் கணவர் தண்ணீர் குடித்தார். ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே சுவரைப் பார்த்தாள்.

அந்த வீட்டில் இருப்பது ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு ரூம். கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனபோது, புதுசாக வந்தவர்கள் ஹாலில் படுப்பது நன்றாயிருக்காது என்று ரூமைக் காலி செய்து கொடுத்தது அவள்தான். யாரும் கேட்கவில்லை. அவளாகவே கொடுத்தாள், சந்தோஷமாக. வீடு பார்க்கிற வரைக்கும் என்றான் கொழுந்தன். அவன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கறையக்காவின் கல்யாணப் போட்டோ ரூம் சுவரிலிருந்து ஃபிரிட்ஜ் மேலே வந்தது. போட்டோ மாட்டியிருந்த ஆணியில் குழந்தையின் பை தொங்குகிறது. ஹாலில் டிவி அணைந்த பிறகுதான் அவளும் கணவரும் படுக்க முடியும். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால் விளக்கு எரியும். கணவரோடு பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருவார்கள். கண்டக்டருக்கே பழகிவிட்டது. "இன்னிக்கும் ஊர்வலமா?" என்பார். கணவர் தோளில் சாய்ந்து அவள் சிரித்ததெல்லாம் அந்த ஜன்னலோர சீட்டில்தான். அவள் அதற்காகக்கூட வருத்தப்பட்டதில்லை. கொடுத்ததற்கு வருத்தப்படுகிறவள் இல்லை அவள். ஆனால் சுவரோடு சேர்த்து அடிக்கிற அலமாரியை யாரும் வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போவதில்லை.

ஓட்டை விழுந்த சட்டையை மடித்து மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வழியில் கண்ணாடிக் கடை. அவள் கணவர் உள்ளே குனிந்து யாருடைய லென்ஸையோ பிரேமில் பொருத்திக்கொண்டிருந்தார். மஞ்சள் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி துடைத்தார். ஊரார் பார்வையெல்லாம் இவர் கையில், என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் வீட்டுக்குப் போய் அந்த அலமாரி வேண்டாம்னு சொல்லப் போறேன். வர்றீங்களா?"

அவர் கை நின்றது. "இப்பவா? கடை நேரம்... தம்பிக்கு மனசு உடைஞ்சிடும்."

"உங்க தம்பி மனசு கண்ணாடி இல்ல. நீங்க அதையே தொடச்சு தொடச்சுப் பாத்துக்கிட்டிருக்கீங்க."

அவர் ஏதோ சொல்ல வந்தார். ஒரு வாடிக்கையாளர் குறுக்கே வந்து, மூக்குக்கண்ணாடி காதைக் கடிக்கிறது என்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.  தெருமுனை வரும்போது பேசாமல் சலவை நிலையத்துக்கே திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தாள். கால் கேட்கவில்லை.

தச்சர் முன்னாலேயே வந்திருந்தார். ரூம் சுவரில், அவளும் கணவரும் முன்பு படுத்த கட்டிலுக்கு நேர் மேலே, பென்சிலால் நீளமாகக் கோடுகள் போட்டிருந்தார். கொழுந்தன் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கட்டிலில் ஓரகத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அளவு எடுத்தது போதும்," என்றாள் உள்ளே வந்த கறையக்கா தச்சரிடம்.

"இன்னும் உயரம் எடுக்கலயேம்மா."

"உயரம் வேண்டாம். அலமாரியே வேண்டாம்."

கொழுந்தன் சிரித்தான். "அண்ணி ஜோக்கெல்லாம் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க."

"இல்லப்பா. இது எங்க ரூம். நான்தான் குடுத்தேன். இப்ப திருப்பிக் கேக்கறேன்."

 வார்த்தைகள் ஒவ்வொன்றும் வரிசை குலையாமல் வந்தன. தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலைத் தொட்டுக்கொண்டார். "நான் வேணா வெளியில நிக்கட்டுமா?"

"இருங்கண்ணே. யாராவது பாத்தாதான் நான் சொன்னேன்னு நம்புவாங்க."

சமையலறையிலிருந்து மாமியார் ஈரக் கையோடு வந்தார். "என்னடி ஆச்சு உனக்கு? உடம்பு சரியில்லையா? எவ்வளவு பொறுமையான பொண்ணு நீ!"

"பொறுமை இன்னும் இருக்கு அத்தை, எங்கயும் போகல. ஆனா அது என்னோடது. யாருக்குக் குடுக்கறது, எப்ப நிறுத்தறதுன்னு நான்தானே பாக்கணும்? நீங்கள்லாம் அது குழாய்த் தண்ணின்னு நெனச்சிட்டீங்க. திறந்தா வரும்னு."

"அப்ப எங்களை வெளிய போகச் சொல்றீங்களா?" கொழுந்தனின் முகம் சிவந்திருந்தது. நாடாவின் முனையை அவன் இன்னும் விடவில்லை.

"வீடு பாருன்னு சொல்றேன். பாக்கற வரைக்கும் ஹால்ல படுங்க. நீதானே அடிக்கடி சொல்வே, அண்ணி குடுத்து வச்சவங்க, காத்தோட்டமா தூங்கறாங்கன்னு. கொஞ்ச நாள் நீயும் காத்தோட்டமா தூங்கு."

தச்சர் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

இனி ஓரகத்தியின் முறை என்று நினைத்து, அவள் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டாள். ஓரகத்தி கையிலிருந்த குட்டிச் சட்டையை மடிப்பதை நிறுத்தினாள்.

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்கா."

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"கல்யாணமான புதுசுலயே தனி வீடு பாக்கலாம்னு சொன்னேன். இவர் என்ன சொல்வார் தெரியுமா? அண்ணியைப் பாரு, ஹால்ல படுத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்றாங்களா, உனக்கு மட்டும் என்ன குறைச்சல்னு. வேலைக்குப் போறேன்னு சொன்னாலும் அண்ணியைப் பாரு. தலைவலின்னு படுத்தாலும் அண்ணியைப் பாரு. பாத்துப் பாத்து எனக்கு உங்க முகத்தைப் பாக்கவே பிடிக்காமப் போச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீங்க வாயத் திறக்காததால நான் வாயத் திறந்தா பஜாரின்னு ஆயிடுது."

"ஏய், நீ சும்மா இரு," என்றான் கொழுந்தன்.

"இருக்க மாட்டேன்."

கறையக்காவுக்கு அந்த ரூமின் மூடிய கதவு நினைவுக்கு வந்தது. தினமும் சாயங்காலம் ஓரகத்தி உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொள்வாள். திமிர் என்று நினைத்திருந்தாள் அவள். அதையும் பெரிய மனசோடு பொறுத்துக்கொண்டதாக வேறு தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்தாள். ஓரகத்தி உள்ளே உட்கார்ந்து இந்த அக்காவைத்தான் வைதுகொண்டிருந்திருக்கிறாள். வைதிருக்க வேண்டியதுதான். இத்தனை நாள் பொறுமையில் தான் ஊறவைத்ததில் எந்தத் துணி எங்கே நைந்ததென்று அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை.

"அந்தத் துடைக்கிற துணியை நனைச்சுக் குடு," என்றாள்.

ஓரகத்தி ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த துடைக்கும் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தாள். கறையக்கா சுவரருகே போய்ப் பென்சில் கோட்டின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். வேலையில் ஒருநாளும் தேய்க்காத கை. கோடு போகவில்லை. சாம்பல் நிறத்தில் பரவியது. அவள் இன்னும் தேய்த்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கணவர் மூச்சிரைக்க வந்து ரூம் வாசலில் நின்றார். கடை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. மஞ்சள் துணி பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"நீயே கேளுடா, உன் பொண்டாட்டி என்ன பேசறான்னு," என்றார் மாமியார்.

அவர் அம்மாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு, நுனிக்காலில் நின்று மேல் கோட்டை எட்டப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கையைப் பார்த்தார். திரும்பி ஹாலுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதானா, என்று நினைத்தாள் அவள். சுவரைவிட்டுக் கையை எடுக்கவில்லை. போனால் போகட்டும். ஓரகத்தி கீழ்க்கோட்டை விரல் நகத்தால் சுரண்ட ஆரம்பித்திருந்தாள்.

ஹாலில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. தரையில் மரம் உரசியது. அவர் திரும்பி வந்தபோது ஒரு கையில் ஸ்டூல் இருந்தது. இன்னொரு கையின் கக்கத்தில், ஃபிரிட்ஜ் மேலிருந்த போட்டோ. அதைக் கட்டிலின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்டூலை அவள் காலருகே போட்டார்.

"அண்ணா!" என்றான் கொழுந்தன். அவன் கை தளர, அளவு நாடா சர்ரென்று சுருண்டு தச்சரின் உள்ளங்கைக்குள் போய் அடித்தது.

"ஏறு," என்றார் அவர் அவளிடம். "ஒரு கால் ஆடும். நான் பிடிச்சுக்கறேன்."

அவள் ஏறினாள். சமையலறையில் எதுவோ பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது, யாரும் நகரவில்லை. அவள் ஈரத் துணியை மேல் கோட்டில் வைத்துத் தேய்த்தாள். மேலே ஒரு சாம்பல் மேகம் விரிந்தது. அழுக்குத் தண்ணீர் சுவரில் இறங்கி, அவள் முழங்கை வழியே சொட்டி, ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த அவருடைய கைகளின்மேல் விழுந்தது.