இருமலை எண்ணிய இடம்

பொது சுகாதார முதுகலை வகுப்பில் அவள் ஒருத்திதான் நர்ஸ். கல் உடைத்தே நெஞ்சு போன அப்பாவின் மகள். ஆய்வுக்கு அவள் எடுத்ததும் குவாரிக்காரர்களின் இருமல்தான். பகலில் வீடு வீடாகப் போய் விசாரித்தாள். பாதிப்பேருக்கு நாள்பட்ட இருமல் என்று முதல் அறிக்கையில் அடித்துச் சொன்னாள்.

அதைப் படித்துவிட்டு, கூடப் படிக்கும் பல் டாக்டர் கேண்டீனில் டீயை ஊதிக்கொண்டே கேட்டான்.

"பகல்லயா போனீங்க அக்கா?"

"பின்ன? ராத்திரி கதவைத் தட்டினா அடிக்க வருவாங்க."

"தெம்பா இருக்கறவன் குவாரியில இருப்பான். முடியாதவன்தானே வீட்டுல கிடப்பான்? என் கிளினிக்ல உட்கார்ந்து எண்ணினா நாட்டுல எல்லாருக்கும் சொத்தைப்பல்லுதான்."

"உன் நாக்குல ஊசி போட" என்று திட்டினாள். ஆனால் சுருக்கென்று தைத்தது. வார்டில் பழகிய கண். படுத்துக் கிடப்பவனைப் பார்க்கும், நிற்பவனைப் பார்க்காது.

படிப்பு விடுப்பு முடியப்போகிறது. ஆய்வுக்கான நேர்காணல் தேர்வில் தோற்றால் பட்டமில்லை, பழையபடி வார்டுதான். இருந்தும் முழுக் கணக்கையும் தூக்கிப் போட்டாள். உடைப்பவர், ஆபீஸ்காரர், வேலையை விட்டுப் படுத்தவர் என்று எல்லார் பெயரையும் சேர்த்துச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தாள். ஷிப்ட் விடும்போது கேட்டில் நின்று, வெள்ளைத் தூசியோடு வருகிறவர்களில் சீட்டு விழுந்தவர்களை மடக்கினாள். படுத்தவர்களை வீட்டில் பார்த்தாள்.

"நீ பேசாம கல்லே உடைக்கலாம், இதைவிட லேசு" என்றான் குவாரியில் வேலை செய்யும் அண்ணன்.

நேர்காணலில் வெளித் தேர்வாளர் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அப்போ பாதிப்பேரு. இப்போ கால்வாசி. அதுக்குள்ள குணமாயிட்டாங்களா?"

"அவங்க நெஞ்சு அப்படியேதான் சார் இருக்கு. நான் எண்ணின இடம் தப்பு. வீட்டுல மட்டும் எண்ணிட்டேன்."

"குறைஞ்சதுன்னு குவாரி முதலாளி கொண்டாடுவாரே?"

"முடியாது சார். பழைய கணக்கைத்தான் அவர் ஒரே வார்த்தையில ஊதித் தள்ளியிருப்பார். இதுல அவரோட ஆபீஸ் ஆளுங்களும் இருக்காங்க. அவங்களைவிடக் கல் உடைக்கறவனுக்கு இருமல் மூணு மடங்கு. அதுக்கு என்ன சொல்வார்?"

தேர்வாளர் பேனாவைத் திறந்து, 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்து என்ன, வார்டா?"

"குவாரி சார். தூசி பறக்காம தண்ணி தெளிச்சுத்தான் உடைக்கணும்னு முதலாளிகிட்ட பேசணும்."

"அவர் உள்ள விடுவாரா?"

"விடலைன்னா கேட்டுல நிப்பேன். அந்த இடம் எனக்குப் பழகிடுச்சு."