பாலன் இல்லாத நத்தார்ப் படம்

இந்தக் காலத்துச் சனத்துக்கு எதையும் அதன் நாளில் கொண்டாடத் தெரியாது. நத்தார் டிசம்பர் இருபத்தைந்தில் வரும். இதுகள் நவம்பரிலேயே மரத்தை நட்டு, விளக்கைக் கட்டி, பாலன் பிறக்க முன்னமே கேக்கையும் தின்று முடித்துவிடுகிறதுகள். நத்தார் அன்றைக்குப் பார்த்தால் ஒருத்தருக்கும் பசியும் இராது, பக்தியும் இராது. நீக்கிலாஸ் அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். சனி ஞாயிறு தவறாமல் ரீவியில் போடுகிற நத்தார்ப் படங்களைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

எல்லாம் ஒரே படம்தான். பட்டணத்தில் பெரிய வேலை பார்க்கிற ஒருத்தி சின்ன ஊர் ஒன்றுக்கு வருவாள். அங்கே மரம் வெட்டுகிற ஒருத்தனோடு கொழுவிச் சண்டை பிடிப்பாள். பனி கொட்டும். கடைசியில் வாயோடு வாய் வைத்துக் கொஞ்சுவார்கள். நீக்கிலாசுக்கு இங்கிலீசு தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது. நத்தார்ப் படம் என்று பேர். அதில் பாலன் இல்லை, மாதா இல்லை, பூசைக்கு ஒருத்தரும் போவதில்லை. பெட்டைக்குத் தாய் தகப்பன் இருந்தாலும் அவர்களிடம் ஒரு சொல்லுக் கேட்பாரில்லை.

அவருடைய மகள் எமில்டா அதைக் கண் வெட்டாமல் பார்ப்பாள். வயது முப்பத்து நாலு. கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் நின்றபடி சோப்புப் பெட்டி அடுக்குகிறவள், ஞாயிறு பின்னேரம் போர்வையோடு சோபாவில் ஏறினால் எழும்பமாட்டாள். வந்த மூன்று சம்பந்தத்தையும் "பாப்பம்" என்று சொல்லியே தட்டிக் கழித்துவிட்டாள். இந்தப் படங்கள்தான் பிள்ளையைக் கெடுத்தன என்பது நீக்கிலாசின் முடிவு. பனிக்குள்ளே எவனோ வந்து மோதுவான் என்று இருக்கிறாள்.

நாலாவது சம்பந்தம் மிசிசாகாவிலிருந்து வந்தது. மாப்பிள்ளை எட்வேட், எயர்போட்டில் பெட்டி ஏற்றுகிற வேலை. வேதக்காரர், குடி இல்லை என்று கேள்வி. தமிழ்ப் பூசையில் வைத்துத் தூரத்திலிருந்து பெண்ணைக் காட்டியாயிற்று. குளிர்ச் சட்டைக்குள்ளும் தொப்பிக்குள்ளும் என்னத்தைக் கண்டானோ, வீட்டுக்கு வருகிறோம் என்று அறிவித்தார்கள். மொன்றியாலிலும் அவர்களுக்கு ஒரு பெண் வீடு பொருந்தி வருகிறதாம். ஆகவே இன்றைக்கே இரண்டு பக்கமும் ஒரு சொல் வாங்கிவிட வேண்டும் என்று நீக்கிலாஸ் விடியவே நினைத்துவிட்டார். பின்னேரம் படம் தொடங்கிய கையோடு ரீவியை நிறுத்தினார். எமில்டா ரோல்ஸ் பொரிக்கப் போனாள்.

எட்வேட் தன் அக்கா வேரோனிக்காவோடு வந்தான். முன்தலை கொஞ்சம் வெளித்திருந்தது. சப்பாத்தைக் கழற்றினால் காலுறையில் ஒரு ஓட்டை. அது குற்றமில்லை, பார்க்க ஆளில்லாதவன் என்று அர்த்தம். எந்தப் பங்கு, தகப்பன் என்ன தொழில், ஊரில் இன்னும் ஆர் ஆர் என்று விசாரித்துவிட்டு நீக்கிலாஸ் மெல்ல விஷயத்துக்கு வந்தார். வேரோனிக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"குறை நினையாதேங்கோ ஐயா. ஆகமன காலத்தில எங்கட வீட்டில கலியாணப் பேச்சு எடுக்கிறேல்லை. பாலன் பிறக்கட்டும். இண்டைக்குச் சும்மா இருந்திட்டுப் போவமெண்டுதான் வந்தனாங்கள்."

நத்தாருக்கு முந்திய நாலு கிழமையும் நல்ல காரியம் பேசுவதில்லை என்பது அவர் வீட்டிலும் இருந்த வழக்கம்தான். மாப்பிள்ளை கைவிட்டுப் போய்விடுவான் என்ற அவதியில் கிழவருக்கு அது மறந்துபோயிற்று. ஒரு ரோல்சை எடுத்துக் கடித்தார்.

பேச்சு இல்லையென்றால் நாலு பேர் ஒரு அறைக்குள் என்ன செய்வது? வேரோனிக்கா சுவரிலிருந்த திருவிருதயப் படத்தைப் பார்த்தாள். எட்வேட் அணைந்த ரீவியைப் பார்த்தான்.

"இண்டைக்கு அந்த பேக்கரிக்காரியின்ர படமெல்லே?" என்று எமில்டாவைக் கேட்டான்.

"அது போன கிழமை. இண்டைக்கு மரத்தோட்டம் விக்கிற படம்."

"தகப்பன் விக்கப்போறது?"

"ஓம். ஆனா விக்கமாட்டார்."

எமில்டா எழுந்துபோய் ரீவியைப் போட்டாள். தகப்பனின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. அதுவரை நடந்ததை எட்வேட்டுக்குச் சொன்னாள். அவளும்தான் பார்க்கவில்லை, ஆனாலும் சொன்னாள். இப்ப இவன் ஏணியிலயிருந்து விழுவான் என்றான் எட்வேட். படத்தில் அவனும் விழுந்தான். இரண்டும் சிரித்துக்கொண்டன. பெட்டி தூக்கிக் கை காய்த்துப்போன ஆம்பிளை, பெட்டையள் பார்க்கிற படத்தை இப்படிப் பார்க்கிறானே என்று நீக்கிலாசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, முடிவு தெரிஞ்ச படத்தை என்னத்துக்குப் பாக்கிறீர்?"

எட்வேட் ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முடிவு தெரியுமெண்டுதான் அங்கிள். இதில ஒருத்தரும் காணாமப் போறேல்லை. வெளிக்கிட்டவை எல்லாரும் நத்தாருக்கு வந்து சேருவினம். எயர்போட்டில நான் அப்பிடிக் காணுறேல்லை."

எமில்டா திரும்பி அவனைப் பார்த்தாள். படத்தில் என்னவோ முக்கியமாக நடந்துகொண்டிருந்தது, அதை விட்டுவிட்டுப் பார்த்தாள்.

நீக்கிலாஸ் இறங்கிவரவில்லை. ஊரில் ஆமி கொண்டுபோய்க் காணாமற்போனவர்களை அவருக்கும் தெரியும். அவர் பிடித்துக் கேட்ட ஆமிக்காரன் ஒருத்தனும், பனிக்குள்ளால் ஓடிவந்து இந்தா உன் ஆள் என்று தரவில்லை. நடக்காததை நடந்ததாகக் காட்டி ஆளைச் சிரிக்கவைக்கிறவனை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. அது பாதிரியாராக இருந்தாலும் சரி, ரீவியாக இருந்தாலும் சரி.

தோட்டம் விற்கப்படவில்லை. கொஞ்சினார்கள். நீக்கிலாஸ் சுவர்ப்பக்கம் பார்த்தார். வேரோனிக்கா மூக்கை உறிஞ்சியது கேட்டது. ஆகமன காலத்தில் கலியாணம் பேசத்தான் கூடாதாக்கும், கொஞ்சுவதைப் பார்த்து அழலாம்போலிருக்கிறது.

அவர்கள் போனபிறகு மகளைப் பிடித்தார். "என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"வாற ஞாயிறும் ஒரு படம் இருக்கப்பா. வரச் சொல்லியிருக்கிறன்."

"அது ஓம் எண்டோ, இல்லையெண்டோ?"

"படம் பாக்க எண்டு."

"மொன்றியால்காரர் உன்ர படம் முடியுமட்டும் காத்துக்கொண்டிருப்பினமோ?"

"அப்ப ஏன் அவர் வாறனெண்டவர்?" என்றாள் எமில்டா, கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடி.

அவன் வருகிறேன் என்றதற்காக அதை ஒரு சொல்லென்று அவரால் ஒத்துக்கொள்ள முடியாது. சொல் வாங்க உட்கார்ந்தவருக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம். அதையும் எவனோ எழுதிவைத்த கொஞ்சலை நம்பித் தந்திருக்கிறாள்.

ஜக்கெற்றைக் கொழுவிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே அடுத்த படத்துக்கு மணி கிலுங்கத் தொடங்கியது. லிப்ற் வருமட்டும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவருக்கு விருப்பமில்லை. படியால் இறங்கிப் போனார்.