மிச்ச டப்பா

அண்ணி காப்பிக்கொட்டை வறுக்க ஆரம்பித்த நாளிலிருந்து அண்ணனுடைய கார் தெருவில்தான் நிற்கிறது. கார் நிற்க வேண்டிய ஷெட்டில் வறுக்கும் மெஷின், தராசு, பையின் வாயை ஒட்டும் கருவி, கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். நடுவில் ஒரு முக்காலி. அது என்னுடையது. அண்ணி வறுப்பாள், நான் பையில் போட்டு, லேபிள் ஒட்டி, பெட்டி கட்டுவேன். மாதச் சந்தா கட்டிய தொண்ணூற்றாறு வீடுகளுக்கு ஐந்தாம் தேதி தவறாமல் கால் கிலோ போக வேண்டும். மாதத்துக்கு ஒரு மலையிலிருந்து ஒரே தினுசுக் கொட்டை. கூடவே ருசியைச் சொல்லும் சின்ன அட்டை ஒன்று. மல்லிகை, பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல் என்றெல்லாம் அதில் இருக்கும். காப்பி ருசி இருக்கிறது என்று மட்டும் எந்த மாதமும் போட்டதில்லை. அதை நான் கேட்டால் நாத்தனார் புத்தி என்பாள்.

சந்தாக்காரர்கள் தங்கமானவர்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே கைப்பேசியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவார்கள். ஒருவர் மட்டும் விதிவிலக்கு. ஊரின் மறுகோடியில் கண்ணாடிக் கடை வைத்துக் கண் பரிசோதிப்பவர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் நாக்கு. மாதாமாதம் கடைச்சீட்டில் கைப்பட எழுதிக் கடிதம் அனுப்புவார். 'சென்ற மாதத்தைவிடச் சற்று மங்கல்' என்று ஒருமுறை எழுதினார். 'பூ வாசனை இருக்கிறது, காப்பியைத்தான் காணவில்லை' என்று இன்னொருமுறை. பதினான்கு மாதம், பதினான்கு கடிதம், நல்ல வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது.

இந்த மனிதரைக் கழற்றிவிடலாம் என்று நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். அண்ணி கேட்கமாட்டாள். எல்லோரிலும் அவர் ஒருவர்தான் உண்மையாகவே குடித்துப் பார்க்கிறார் என்பாள். பதினான்காம் கடிதத்தில் அவர், அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் சந்தாவை நிறுத்திவிடுவதாக எழுதியிருந்தார். அண்ணி அதை மடித்து வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அவரும் போயிட்டா எனக்கு வறுக்கத் தெரியலன்னுதான் அர்த்தம். மெஷினை வித்துட்டு வேற வேலை பாக்கிறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அண்ணியின் கோபத்துக்கு ஆயுசு பத்து நிமிஷம். நிதானமாகச் சொன்னதை அவள் செய்யாமல் விட்டதில்லை.

பதினைந்தாம் மாதத்துக்கு அண்ணி இருப்பதிலேயே விலை கூடிய கொட்டையை வரவழைத்தாள். ஒவ்வொரு ஈட்டுக்கும் பக்கத்தில் நின்று, கொட்டை முதன்முதலில் படபடவென்று வெடித்ததுமே இறக்கினாள். அதற்குமேல் போனால் பூ வாசனை போய்விடுமாம். கை தவறி அதிகம் வறுபட்டவை, சோதனைக்கு வறுத்தவை, பைக்குள் அடங்காத கைப்பிடிகள் எல்லாம் எங்கள் மிச்ச டப்பாவுக்குப் போகும். மாதக்கடைசியில் அதையும் நான் ஒரு பையில் கட்டி மாடிக்கு எடுத்துப் போவேன். எங்கள் வீட்டில் குடிப்பது அதைத்தான். வறுப்பவள் வீட்டில் மிச்சம், சந்தாக்காரர் வீட்டில் முதல்தரம்.

லேபிள் ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பையையும் முகர்ந்து பார்க்க வேண்டும் என்பது அண்ணியின் சட்டம். அந்த மாதம் எனக்கு ஜலதோஷம். ரோஜாவையும் மண்ணெண்ணெயையும் பிரித்துச் சொல்ல முடியாத மூக்கு. ஆகவே எண்ணி ஒட்டினேன். லேபிள் தொண்ணூற்றாறு, ஒட்டிய பை தொண்ணூற்றாறு. மேஜையில் மீந்திருந்த ஒரு பையை மிச்சம் என்று மாடிக்குக் கொண்டுபோனேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த பத்து நாளும் அண்ணி காலைக் காப்பியைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்த மாத மிச்சம் ஏன் இப்படிப் புளிக்கிறது, டம்ளர் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று கேட்டாள். எனக்கு எதுவுமே ருசிக்காத நேரம் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

பதினோராம் நாள் நாக்கின் கடிதம் வந்தது. அண்ணி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிரித்தாள். 'இதுதான் காப்பி. தினமும் இரண்டு கோப்பை குடிக்கிறேன். இரண்டாவதை மனைவி கேட்டும் கொடுப்பதில்லை. இனி எல்லா மாதமும் இதையே அனுப்பவும்.' வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷிப் பட்டம்! அண்ணி என்னைக் கட்டிக்கொண்டாள், அழுதாள், அவள் அம்மாவிடம் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பியது நான்தான். 'கொட்டைகள் ஒரே நிறத்தில் இல்லை. பெரிதும் சிறிதுமாக, ஒன்றிரண்டு கறுத்தும் இருந்தன. முதலில் சந்தேகப்பட்டேன்' என்று எழுதியிருந்தது. மாடிக்கு ஓடி எங்கள் பையைத் திறந்து பார்த்தேன். வெளிர் நிறத்தில், பல்வரிசை மாதிரி ஒரே அளவாக, விலை கூடிய கொட்டை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது மத்தளமே வாசித்தது. சொன்னால், பதினைந்து மாதம் காத்திருந்து கிடைத்த ஒரே பாராட்டை அவள் கையிலிருந்து பிடுங்கியவள் ஆவேன். சொல்லாவிட்டால், அடுத்த ஐந்தாம் தேதி அதே பூ வாசனை அவர் வீட்டுக்குப் போகும், அவர் நிறுத்துவார், இவள் மெஷினை விற்பாள். திருட்டுத்தனமாக அவருக்கு மட்டும் மிச்சத்தை அனுப்பலாம் என்று டப்பாவைத் திறந்தேன். அடியில் இரண்டு கைப்பிடிதான் கிடந்தது. அண்ணியோ கடிதத்தின் முன்பக்கம் தெரியும்படிச் சுவரில் ஒட்டிவிட்டு, அதே விலை கூடிய கொட்டையை இன்னும் ஒரு மூட்டை வரவழைத்துவிட்டாள்.

மூன்றாம் தேதி காலையில் அவள் மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது கடிதத்தைச் சுவரிலிருந்து உரித்துப் பின்பக்கத்தைக் காட்டினேன். அழுகையை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணி இரண்டு தடவை படித்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்போ அவருக்குப் போனது மிச்சம்."

"ஆமா அண்ணி."

"அவரோட பையை நாம குடிச்சிருக்கோம்."

"ஆமா."

"டம்ளர் கழுவின தண்ணின்னு நான் சொன்னது…"

"அதைத்தான் அண்ணி."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து பார்த்தால், சிரிக்கிறாள். சத்தம் வராமல், மூச்சு வாங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"எந்தக் கொட்டைன்னு தெரியாம குடிச்சப்பதான் என் வாயிலயே உண்மை வந்திருக்கு," என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். ஒன்றையும் மறைக்கவில்லை. உங்களுக்கு வந்தது எங்கள் வீட்டு மிச்சம், எந்தக் கொட்டை எவ்வளவு என்று எனக்கே தெரியாது, அதேபோல இன்னொரு பை செய்து தர என்னால் முடியாது, மன்னிக்க வேண்டும் என்றாள். நான் சந்தாப் பட்டியலில் அவர் பெயரை அடிக்கப் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அப்போ நல்ல காப்பியைப் பதினாலு மாசமா நீங்களே குடிச்சுக்கிட்டு, எங்களுக்கு வேற அனுப்பியிருக்கீங்க," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, நியாயமான வருத்தம் இருந்தது. "இனிமே நீங்க எதைக் குடிக்கிறீங்களோ அதையே அனுப்புங்கம்மா."

அண்ணி போனை வைத்துவிட்டு மெஷினைப் போட்டாள். கொட்டை படபடவென்று வெடித்தது. வழக்கமாக அவள் கை அந்த நொடியே கொட்டையை இறக்கும் நெம்புகோலுக்குப் போய்விடும். அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று அவளுக்கே சொல்லிக்கொண்டாள். புகை ஷெட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. ஜலதோஷம் விட்டிருந்த என் மூக்கில் முதல்முறையாகக் காப்பி மணத்தது.

அந்த மாதம் தொண்ணூற்றாறு வீட்டுக்கும் அப்படிக் கூடுதலாக வறுத்தது, நாங்களும் குடிப்பதுதான் போனது. பூ வாசனையைக் காணோம் என்று நான்கு பேர் சந்தாவை நிறுத்திக்கொண்டார்கள். நான் பயந்துபோய்ப் பட்டியலை நீட்டினேன். அண்ணி அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை, அடுத்த ஈட்டைக் கொட்டப் போய்விட்டாள்.