அரசப்பனின் ஜப்பான் எஞ்சின்

எஞ்சினைப் பற்றி அரசப்பன் சொன்ன ஒரு வார்த்தையைக் கூட வேம்பு நம்பவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயசு. வாயைத் திறந்தால் நூறு மைல் வேகம். தெருவிலேயே முதன்முதலாகக் கார் ஓட்டக் கற்றவன் என்கிற திமிர் வேறு.

"ஜப்பான் எஞ்சின்க்கா. ஆறு சிலிண்டரு. எங்க மொதலாளி மீரா உசேன் பாய் நாகப்பட்டினத்துல கப்பல்லேருந்தே எறக்குனாரு. பழச கழட்டிக் கடாசிட்டு இத மாட்டி நேத்துதான் வண்டி ரோட்டுக்கு வந்துச்சு. இது இனிமே அம்பாசடர் இல்ல. ஏரோப்ளேனு."

"ஏரோப்ளேனுக்கு எதுக்குடா பின்கதவக் கயித்தால கட்டியிருக்க?"

"கதவு பழசுக்கா. எஞ்சின்தான் புதுசு."

"ஜப்பான்காரன் எஞ்சின்னா ஜப்பான் எழுத்து இருக்கணும்ல. தொற பாப்பம்."

பானெட்டைத் தூக்கினான். மேலே பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. வேம்பு விரல் நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டினாள். அடியில் கறுப்பு. பெயர்த் தகடு இருந்த இடத்தில் எழுத்தை யாரோ அரத்தால் ராவி எடுத்திருந்தார்கள்.

"அது... சுங்கத்துக்காரனுக்குத் தெரியக் கூடாதுன்னு பாய் ராவிட்டாரு."

"நல்லா உடுற ரீலு."

"நம்பாட்டி போ. பதினோரு மணிக்கு உன்னத் திருவாரூர்ல எறக்கலன்னா என் பேர மாத்து."

"உன் பேர மாத்தி நான் என்ன செய்ய? எங்கம்மா அங்க போயி வாயத் தொறக்கணும். எனக்கு அது போதும்."

அதுதான் அன்றைய காரியம். வெண்ணாத்தங்கரையில் மேலப்பண்ணைக்கு இருந்த நிலத்துக்குக் கணக்கே கிடையாது. இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டார்கள். கொடிக்கம்பம் வந்தது, மேடை வந்தது, உச்சவரம்புச் சட்டம் கூட வந்தது. நிலம் மட்டும் வரவில்லை. சட்டம் வருகிறது என்று காற்று வீசிய உடனேயே பண்ணை தன் நிலத்தைச் சமையல்காரன் பேரில், வண்டிக்காரன் பேரில், கோயில் பேரில் என்று பிரித்து எழுதிவிட்டது. பண்ணை வீட்டு நாய்க்கு அரை வேலி நிலம் என்று தெருவில் சிரிப்பார்கள். அதில் நாலு ஏக்கர் வேம்புவின் அம்மா கண்ணாத்தாள் பேரில் இருந்தது. அந்த நாலு ஏக்கரிலும் கூலிக்கு நாற்று நட்டவள் கண்ணாத்தாள். அது தன் பேரில் இருப்பது போன வருஷம் வரை அவளுக்குத் தெரியாது.

பெரிய பண்ணை செத்துப் போய்விட்டார். மகன் வழக்கை நடத்துகிறான். அன்றைக்குத் திருவாரூரில் நில அதிகாரி முன்னால் விசாரணை. "என் நிலம்தான்" என்று கண்ணாத்தாள் சொல்லிவிட்டால் அது அவனிடமே தங்கிவிடும். "பண்ணை நெலங்க, எம்பேர்ல எழுதுனது எனக்குத் தெரியாதுங்க" என்று சொன்னால் உபரியாகி, தெருவில் குடியிருப்பவர்களுக்குப் பிரியும். அந்த ஒரு வாக்கியத்தைப் பத்து நாளாக அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் வேம்பு. தெருவில் முதல் பட்டதாரி அவள். பி.எஸ்சி. பௌதிகம். அந்தப் பட்டத்தை வைத்து இதுவரை செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான்.

மதகு உடைந்து பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டதால்தான் விவசாயக் கூலிச் சங்கத்துக்காரர்கள் காரைப் பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

கார் வந்தால் கூட்டம் கூடுகிற தெரு அது. அன்றைக்கு அரசப்பன் வந்து நின்றபோது சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் ஓடி வந்தன. பெரியவர்கள் ஒருவரையும் காணோம். கதவுகள் சாத்தியிருந்தன. வேலைக்குப் போயிருப்பார்கள் என்று வேம்பு நினைத்துக்கொண்டாள்.

உள்ளே போனால், கண்ணாத்தாள் சுவரோரம் நின்றிருந்தாள். விசாரணைக்கென்று வேம்பு வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு அவள் கையில் இருந்தது.

"என்னம்மா, கால்ல போடுறதக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிற?"

"வண்டி போயிருச்சா?"

"போவல. நமக்காவத்தான் நிக்கிது. போடு செருப்ப."

குனிந்து தானே மாட்டிவிட்டாள். அம்மாவின் கால் சில்லிட்டிருந்தது.

காரில் ஏறி உட்கார்ந்து அரசப்பன் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் ஒரு கோளாறு இருந்தது. மூன்று அடி அடித்துவிட்டு நாலாவதை விழுங்கியது. தொண்டையைச் செருமுகிற மாதிரி. பிறகு மறுபடி மூன்று.

"உன் ஜப்பானுக்கு இருமலாடா?"

"ஓட ஓடச் சரியாப் போயிரும்க்கா."

கண்ணாத்தாள் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினாள். "நான் எறங்கிக்கிறேண்டி."

"இது காரும்மா. நாமதான் உள்ள இருக்கோம். யாருக்காவ எறங்கணும்?"

கண்ணாத்தாள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

ரோடு வாய்க்காலை ஒட்டியே போகும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல். நடவு நடக்கிற காலம். வெயில் ஏறி வயல்தண்ணீர் கண்ணாடியாய்க் கூசியது. எதிரே புல்லுக்கட்டோடு வந்த ஒருவர், கார் இன்னும் வெகு தூரத்தில் இருக்கும்போதே, விடுவிடுவென்று வாய்க்காலில் இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"பாத்தியா! வண்டியக் கண்டதுமே ஒதுங்குறான். எஞ்சின் பவருக்கா!"

அடுத்து இரண்டு பேர். பிறகு ஒரு சைக்கிள்காரர், சைக்கிளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கினார். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை, அவசரம் இல்லை, எதுவுமே இல்லை. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்களின் முகம். வயலில் நடவாட்கள் குனிந்திருந்தார்கள். அவர்களில் வயதானவர்கள் மட்டும் நிமிர்ந்து, தூக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு, கையில் நாற்று முடியோடு அப்படியே நின்றார்கள். பக்கத்தில் இளம்பெண்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

வேம்பு ஜன்னல் வழியே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அரசப்பா, மெதுவாப் போ."

"இதுக்கே பயந்துட்டியா? இன்னம் நாலாவது கியரே போடல."

புளியமரத் திருப்பம் வந்தது. அங்கே வைரக்கண்ணு உட்கார்ந்திருப்பார். பிறவியிலேயே கண் தெரியாதவர். கார், லாரி, டிராக்டர் எது வந்தாலும் அசைய மாட்டார். "எம்மேல ஏத்துறவனுக்குத்தான் கண்ணு இல்ல" என்று வைவார். திருப்பத்தில் கார் வளைந்தபோது மரத்தடி காலியாக இருந்தது. வைரக்கண்ணு வாய்க்காலுக்குள், இடுப்புத் தண்ணீரில், கும்பிட்ட கையோடு, காருக்கு நேராக முகத்தைத் திருப்பி நின்றிருந்தார்.

"நிறுத்துடா வண்டிய!"

அரசப்பன் பிரேக்கை மிதித்தான். வேம்பு இறங்கி ஓடினாள்.

"தாத்தா, யாருக்குக் கும்புடு போடுறீங்க?"

"பண்ணை போவுதுல்ல?" என்றார் அவர். உதடு மட்டும்தான் அசைந்தது. "தலயக் குனி புள்ள. போவட்டும்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பெரிய பண்ணையிடம் ஒரு கறுப்புச் சீமைக் கார் இருந்தது. அதன் சத்தம் கேட்டால் ரோட்டில் போகிற பண்ணையாட்கள் யாராக இருந்தாலும் வாய்க்காலில் இறங்கி, துண்டை எடுத்து, தலை குனிந்து, புழுதி அடங்குகிற வரை நிற்க வேண்டும். செருப்புப் போட்டிருக்கக் கூடாது. கூலிப் போராட்டம் நடந்த வருஷம், சங்கக் கூட்டம் முடிந்து இதே ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள். கண்ணாத்தாள் ஆறு வயசு வேம்புவைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். அப்பா வீரையன் இறங்கவில்லை. நடுரோட்டில் நின்றார். கார் நிற்கவில்லை. போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. வேம்புவுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் கால் சில்லிட்டது ஒன்றுதான்.

திரும்பி வந்து அரசப்பனின் சட்டையைப் பிடித்தாள்.

"உண்மையச் சொல்லு. எங்கேருந்து வந்துச்சு இந்த எஞ்சின்?"

"கப்பல்லேருந்துன்னு பாய்தான்..."

"அரசப்பா!"

அவன் முகம் சுருங்கியது. "திருவாரூர் பழைய இரும்புக் கடையில எடுத்ததுக்கா. எந்தப் பண்ணையோ போட்ட வண்டியாம். எந்தப் பண்ணைன்னு நான் கேக்கல. ஜப்பான்னு சொன்னா நாலு சவாரி கூட வரும்னாரு பாய். எனக்கு என்னக்கா தெரியும்? நான் பொறக்கவே இல்ல அப்ப."

"சாவிய எடு."

எடுத்தான். எஞ்சின் நிற்கவில்லை. மூன்று அடி, ஒரு விழுங்கல். சாவி அவன் உள்ளங்கையில் இருந்தது.

"யக்கா..."

"கரி புடிச்சிக் கெடக்கும். சூட்டுல தானா எரியும். பேட்டரி வயரக் கழட்டு, பெட்ரோல் குழாயப் புடுங்கு," என்றாள் வேம்பு. படித்ததைத்தான் சொன்னாள். குரல் தன் குரலாக இல்லை. அவன் இரண்டையும் பிடுங்கினான். எஞ்சின் இரண்டு குலுக்குக் குலுக்கி ஓய்ந்தது.

திரும்பிப் பார்த்தால் பின்சீட்டில் அம்மா இல்லை.

வாய்க்காலில் நின்றிருந்தாள். செருப்பு இரண்டும் கரையில், ஒன்றன்மேல் ஒன்றாக.

"அம்மா, மேல வா. அது பண்ணை இல்ல. வெறும் இரும்பு."

"போவட்டும்டி."

"அது நின்னு போச்சும்மா! நீ இப்படி நின்னா அங்க போயி என்னத்தச் சொல்லுவ? அவன் புள்ள எதுக்க உக்காந்திருப்பான். அவன் மூஞ்சியப் பாத்து, ஆமாங்க, எந்நெலந்தாங்கன்னு சொல்லிட்டு வரப் போற. அதுக்கா அப்பா செத்தாரு?"

சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆனால் வேம்புவுக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியாது. கண்ணாத்தாள் மகளைப் பார்த்தாள். கரையேறி, ஈரக் காலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

காரை அங்கேயே விட்டுவிட்டு மூவரும் நடந்தார்கள். மெயின் ரோட்டுக்கு இரண்டு மைல் இருக்கும். அரசப்பன் சாவியை இறுக்கிப் பிடித்தபடி வந்தான். அவன் வாயிலிருந்து ஒரு பெருமையும் வரவில்லை. வெயில் இவ்வளவு ஏறியும் ஒரு கொக்கைக் கூடக் காணோம். வயலில் நடவுப் பாட்டு நின்றுபோயிருந்தது.

திருப்பம் மறைந்து கொஞ்ச தூரம் போனதும் பின்னால் கேட்டது.

மூன்று அடி. ஒரு விழுங்கல்.

அரசப்பன் சாவியைப் பார்த்தான். பெட்ரோல் குழாயைப் பிடுங்கிய கை இன்னும் நாறிக்கொண்டிருந்தது. சத்தம் நெருங்கியது. ரோட்டுப் புழுதி மெல்ல எழும்பத் தொடங்கியது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று வேம்பு நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை. கரி, சூடு, பெட்ரோல் என்று மனசுக்குள் அடுக்கினாள். நிற்கக் கூடாது, ரோட்டிலேயே நடக்க வேண்டும், என்னை எவன் இறக்குவான் என்று பல்லைக் கடித்தாள்.

காலில் சில்லென்றது.

குனிந்து பார்த்தாள். முழங்கால் வரை தண்ணீர். எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. சேலை முந்தானை இடுப்பில் இல்லை, கையில் சுருட்டியிருந்தது. பக்கத்தில் அரசப்பன், சட்டைக் காலரை இறக்கிவிட்டு, தலை குனிந்து நின்றிருந்தான். அந்த வழக்கம் ஒழிந்த பிறகு பிறந்த பையன். அவனுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

நடுரோட்டில் கண்ணாத்தாள் நின்றிருந்தாள்.

செருப்புக் காலோடு. தண்ணீரில் நிற்கும் மகளைப் பார்த்துக்கொண்டு. அவள் முகத்தில் இருந்ததை வேம்பு முன்னால் பார்த்ததில்லை. தன் பிள்ளையை யாரோ கை நீட்டி அடித்துவிட்டதைப் பார்த்த முகம் அது. பிறகு சத்தம் வருகிற பக்கம் திரும்பினாள்.

"அம்மா! எறங்கும்மா!" என்று கத்தினாள் வேம்பு. அவளேதான் கத்தினாள்.

கண்ணாத்தாள் அசையவில்லை. சத்தம் அவள் மீதே வந்தது. புழுதி அவளை மூடியது. மூன்று அடி. விழுங்கல். மூன்று அடி.

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

புழுதி அடங்கியபோது ரோடு இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை வெறிச்சென்று கிடந்தது. டயர்த் தடம் கூட இல்லை. கண்ணாத்தாளின் ஈரச் சேலையில் மட்டும் இடுப்பு வரை புழுதி அப்பியிருந்தது.

"ஏண்டி அங்கேயே நிக்கிற? மேல வா. நேரமாவுது," என்றாள்.

மெயின் ரோட்டில் பஸ் பிடித்து, திருவாரூருக்கு அரை மணி நேரம் தாமதமாகத்தான் போனார்கள். நல்ல வேளை, அதிகாரி அவர்களை விடத் தாமதம். இரண்டு தலைவர்களின் படத்துக்குக் கீழே அவர் உட்கார்ந்திருந்தார். எதிரே பண்ணை மகன், வக்கீல், வயசான காரியஸ்தர். கண்ணாத்தாள் சேறு காய்ந்த செருப்போடு உள்ளே போனாள். வேம்பு கதவோரம் நின்றாள்.

"நாலு ஏக்கர் உன் பேர்ல இருக்கும்மா. நீ வாங்கினதா?"

கண்ணாத்தாள் வாயைத் திறந்த அதே நேரம் வெளியே தெருவில் ஏதோ வண்டி வந்தது. மூன்று அடி. ஒரு விழுங்கல். வாசலில் நின்ற கிழ டவாலிச் சேவகன் சட்டென்று சுவரோடு ஒட்டினான். காரியஸ்தர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துவிட்டு, ஏன் வைத்தோம் என்று தெரியாமல் விழித்தார். வேம்பு கதவு நிலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். பாதங்கள் வாசற்படியைத் தேடின.

அதிகாரி காதருகே கையைக் குவித்தார். "என்ன சொன்ன? சத்தத்துல கேக்கல."

கண்ணாத்தாள் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, வயலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

"பண்ணை நெலங்க. எம்பேர்ல எழுதுனது எனக்குத் தெரியாதுங்க. அந்தச் சத்தம் போனாலும் சொல்லுவேன், போவலன்னாலும் சொல்லுவேன். எழுதிக்கிங்க."