மூன்றாவது மூட்டை

கரண்டு இருக்கும்போதே கரண்டு போன வீட்டில் வாழத் தெரிந்தவர் எங்கள் வீட்டுக்காரர் குணசேகரன். புரட்டாசி முடிகிற சமயம், கடலில் காற்றழுத்தம் வலுக்கிறது, மின்சாரத்தை நிறுத்தக்கூடும் என்று செல்போனில் செய்தி வந்ததுதான் தாமதம், ஏற்பாடுகளில் இறங்கிவிட்டார். மாடித் தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் மோட்டாரை நிறுத்த அவருக்கு மனசில்லை. மாவு ஆட்டச் சொன்னார். சட்னியையும் இப்போதே அரைத்து வைத்துவிடு என்றார். நாளை மறுநாள் தின்னப்போகிற சட்னியை இன்று அரைக்கச் சொல்லும் மனிதரிடம் என்ன பேசுவது? நான் அரைக்கவில்லை.

என் கவலை வேறு. சமையலறை மூலையில் குஞ்சு பொரிக்கும் பெட்டி இருந்தது. தெர்மாகோல் பெட்டிதான். உள்ளே ஒரு பல்பு, சின்ன ஃபேன், ஒரு தெர்மாமீட்டர். அதில் இருந்தவை பொட்டுக்காரியின் முட்டைகள். பொட்டுக்காரி என்றால் நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த எங்கள் கோழி. சீர்காழிப் பக்கம் இருக்கும் என் அம்மா வீட்டிலிருந்து நான் கூடையில் கொண்டுவந்த கோழியின் வம்சத்தில் கடைசி. அதைக் கீரி பிடித்துக்கொண்டு போய்விட்டது. தெருவில் எந்தக் கோழியும் அப்போது அடைக்கு உட்காரவில்லை. அதனால்தான் பெட்டியை வரவழைத்தேன். இன்னும் இரண்டொரு நாளில் பொரிக்க வேண்டும். இப்போது சூடு போனால் உள்ளே இருக்கும் குஞ்சு செத்துப்போகும்.

"கோழி பாக்குற வேலைக்குக் கரண்டு கேக்குது உன் பெட்டி" என்று அதுவரை கிண்டல் செய்துகொண்டிருந்தவர், அன்றைக்குத் தானே பெட்டியின் ஒயரை இன்வர்ட்டர் பிளக்கில் மாட்டினார். "ராத்திரி பூரா தாங்கும். நீ கவலப்படாத."

தாங்கியிருக்கும். ஆனால் காலையில் கரண்டு போனதும் பாதித் தெரு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஜங்ஷன் பாக்ஸில் செல்போன்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பக்கத்து வயல்காரர் வைரக்கண்ணு மிக்ஸியையே தூக்கிக்கொண்டு வந்தார். யாரிடமும் இல்லை என்று சொல்ல எங்கள் வீட்டுக்காரருக்கு வாய் வராது. போதாக்குறைக்கு, புயல் எங்கே வருகிறது என்று பார்க்க டிவியையும் போட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் இன்வர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தி அடங்கியது. பெட்டிக்குள் பல்பு அணைந்தது.

வெந்நீர் போட்டு பாட்டிலில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். சூடு தாறுமாறாக ஏறியது. எடுத்தால் மளமளவென்று இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வேற கோழி வாங்கிக்கலாம், வானதி" என்றார் வாசற்படியில் நின்றபடி.

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க. போயி இன்னும் நாலு மிக்ஸி ஓட்டுங்க."

அவர் மெல்ல நழுவிக் கொல்லைக் கொட்டகைக்குப் போனார். அங்கே குறுவைக்கு அடுத்து நடும் தாளடிப் பயிருக்கான விதைநெல் மூன்று மூட்டையாக வைக்கோலுக்குள் கிடந்தது. ஊறவைத்து, தண்ணீர் வடித்து, சாக்கில் கட்டி முளைக்கப் போட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது. "இங்க வந்து டார்ச்சக் கொஞ்சம் புடி."

கோபமாகத்தான் போனேன். மூட்டையின் வாயை அவிழ்த்து, முழங்கைவரை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "சூடு ஏறிக் கெடக்கு. தண்ணி தெளிக்கலன்னா முளை வெந்துபோயிரும்."

எத்தனையோ வருஷமாக இதற்கு டார்ச் பிடித்திருக்கிறேன். கையை விட்டுப் பார்த்ததில்லை. என்ன சூடு அப்படி என்று அன்றைக்குத்தான் தோன்றியது. விட்டேன். தூங்கும் குழந்தையின் அக்குளில் கை வைத்தது போல இருந்தது. அடுப்பு இல்லை, பல்பு இல்லை, வெறும் நெல். இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து வந்து நெல்லுக்குள் செருகினேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல ஏறி, பெட்டியில் வழக்கமாக நிற்கும் அளவையும் கொஞ்சம் தாண்டி நின்றது.

"என்னடி பண்ற? அது நெல்லு. கோழி இல்ல."

"அது முட்டைக்குத் தெரியவா போவுது?"

மூன்றாவது மூட்டையின் நடுவில் குழி அமுக்கி, அவருடைய பழைய வேட்டியை மடித்துப் போட்டு, முட்டைகளை வைத்து, மேலே துண்டைப் போர்த்தினேன். சூடு கூடினால் வைக்கோலை விலக்குவேன், குறைந்தால் மூடுவேன். கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தவர், சற்று நேரத்தில் தானே குந்தி உட்கார்ந்து, முட்டைமேல் சொட்டுப் படாமல் ஓரமாகத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார். "இப்ப எவ்வளவு காட்டுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

விடிந்தும் மழை விடவில்லை. நாற்றங்கால் தண்ணீருக்குள் கிடந்தது. அன்று விதைக்க வேண்டிய நெல், விதைக்க வழியில்லை. இப்படி ஆனால் மூட்டையைப் பிரித்துத் தரையில் மெலிசாகப் பரப்ப வேண்டும். ஆறினால் முளை மட்டுப்படும். சாக்கிலேயே விட்டால் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அப்புறம் விதைக்கு ஆகாது.

முதல் மூட்டையைப் பரப்பினார். இரண்டாவதையும் பரப்பினார். மூன்றாவதிடம் வந்தபோது நான் குறுக்கே நின்றேன்.

"நாத்து பத்தாது, வானதி."

"தெரியுங்க."

எனக்குத் தெரியும்தான். போன அறுவடையில் அவரே பொறுக்கி எடுத்த விதை. அதை விட்டுக்கொடுங்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. முட்டைகளை எடுக்கலாம் என்று குனிந்து துண்டை விலக்கினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஓட்டுக்குள்ளிருந்து, ரொம்பச் சன்னமாக, கீச்.

அவரும் கேட்டுவிட்டார். மண்டியிட்டு, காதை முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். இன்னொரு முட்டையிலிருந்து பதில் வந்தது. அப்படியே வெகுநேரம் இருந்தார். பிறகு எழுந்து வேட்டியில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினார்.

"துணிய மூடு. காத்து படப்போவுது" என்று சொல்லிவிட்டு, பரப்பிய நெல்லைக் கிளறப் போய்விட்டார்.

கரண்டு வருவதற்குள் குஞ்சுகள் வந்துவிட்டன. இரண்டு முட்டை கூமுட்டையாகப் போயிற்று. மற்றதெல்லாம் பொரித்தது. ஒன்றின் நெற்றியில் வெள்ளைப் பொட்டு. மூன்றாவது மூட்டையைச் சாக்கிலிருந்து உருவியபோது, வேர் பின்னி, சாக்கின் உருவத்திலேயே ஒரே கட்டியாக வந்தது. அதைப் பிய்த்து, இடித்து, குஞ்சுகளுக்கு அவர்தான் போட்டார். நாற்றங்காலில் தண்ணீர் வடிந்ததும் மிச்சத்தை விதைத்தோம். ஒரு மூலைக்கு எட்டவில்லை.

நாற்று பச்சை பிடித்த பிறகு ஒருநாள், வரப்பில் வந்த வைரக்கண்ணு நின்று பார்த்தார்.

"என்ன குணசேகரா, அந்த மூலை மட்டும் மொட்டையா கெடக்கு?"

"தண்ணி நின்னு அழுவிப்போச்சு" என்றார் எங்கள் வீட்டுக்காரர், என் பக்கம் திரும்பாமல்.

எங்கள் நாற்றங்காலிலேயே மேடான மூலை அதுதான். எந்த மழையிலும் முதலில் தண்ணீர் வடிவதும் அங்கேதான். வைரக்கண்ணு என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.