ஏறுமுகமான பத்து எண்கள்

"கிடங்குக்காரன் எடை கூடட்டும்னு பஞ்சு பேல் மேல தண்ணி அடிச்சிருக்கான். மூணு மணிக்கு ஆளை வேலையை விட்டு அனுப்பிடறேன்" என்றார் மேனேஜர்.

மேசையில், எதிரே நின்ற பரிசோதனைக் கூடத்துப் பெண்ணின் அறிக்கை இருந்தது. பத்துப் பேல் பஞ்சின் சராசரி ஈரம் ஒன்பதரை சதவீதம். எட்டரைக்கு மேல் போகக் கூடாது.

வெளியே வந்தவளைக் கிடங்குக்காரர் மறித்தார். பஞ்சை எடை போட்டு, சூட்டில் உலர்த்தி, மறுபடி எடை போட்டு ஈரத்தைக் கணக்கிடுவது அவள் வேலை; மில்லில் எல்லோருக்கும் அவள் 'தராசு'தான்.

"தராசு, என் பொண்ணு மேல சத்தியம். ஒரு சொட்டு விடலம்மா."

"இருங்கண்ணே, இன்னொரு தடவை பாக்கறேன்."

அறிக்கையில் எண்கள் பேல் எண் வரிசைப்படி தாறுமாறாகக் கிடந்தன. எடை போட்ட வரிசையில் அவற்றை மாற்றி எழுதினாள். முதலாவது எட்டு, கடைசி பதினொன்று. நடுவில் படிப்படியாக ஏற்றம். தண்ணீர் அடிப்பவனுக்கு, எந்தப் பேலை அவள் எப்போது எடை போடுவாள் என்று எப்படித் தெரியும்?

சீக்கிரம் முடியட்டும் என்று பத்துப் பேலின் சாம்பிள் பொட்டலங்களையும் ஒரேயடியாகப் பிரித்து வைத்தது அவள்தான். வெளியே மழை. காத்துக்கிடந்த பஞ்சு காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்திருக்கிறது.

மணி இரண்டே முக்கால். அடுத்த மாதம் அவள் வேலை நிரந்தரமாக வேண்டும். வாயை மூடிக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

"கடவுளே, கூட வா" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், தப்பு கிடங்குல இல்ல. என்கிட்ட."

அவள் மாற்றி எழுதிய தாளை வாங்கி, மேனேஜர் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "உன் தலையில நீயே மண்ணைப் போட்டுக்கறே. தெரியுதா?"

"தெரியுது சார். பிரிக்காத மறுபாதி சாம்பிள் இருக்கு. காய்ஞ்சு முடிய சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் அவரை அனுப்பாதீங்க."

மேனேஜரே எடைத் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சீட்டுக் குலுக்கி வரிசை எடுத்தார்கள். ஒரு பொட்டலம் பிரித்து, எடை போட்டு, பிறகே அடுத்தது. மாலை ஆறரைக்குச் சராசரி வந்தது: எட்டு புள்ளி ஒன்று. ஏற்றமே இல்லை.

மேனேஜர் கிடங்குக்காரரின் வேலைநீக்கக் கடிதத்தைக் கிழித்தார். அவள் வேலை நிரந்தரமாவதை ஆறு மாதம் தள்ளி எழுதினார். பேனாவை மூடப் போனவர், ஒரு வரி சேர்த்தார்: 'பிழையைத் தானே முன்வந்து சொன்னார்.'

வாசலில் கிடங்குக்காரர் இரு கைகளையும் கூப்பினார்.

"வீட்டுக்குப் போங்கண்ணே" என்றாள். "அண்ணி பயந்துட்டு இருப்பாங்க."