இருபத்தேழாம் நம்பர் டப்பா

தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைக்கு ஏறும் வழியில் நாகலெட்சுமி நாலு இடத்தில் உட்கார்ந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. முகம் வெள்ளைத் துணியாய் வெளுத்துப் போயிருந்தது. ஐந்தாவது இடத்தில் அவள் உட்காரவில்லை, விழுந்தாள். கூட வந்த பெண்கள் அவளைத் தோட்டத்து ஆஸ்பத்திரியான மருந்துக் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்த அவள் புருஷன் வீரய்யாவுக்கும் ஆள் போனது.

ஓடிவந்த வீரய்யா டாக்டரின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தலையைக் குனிந்துகொண்டான். அவன் செய்து வைத்திருந்த காரியம் அவனுக்கு மட்டும்தானே தெரியும்!

போன மாதம் கொழும்பிலிருந்து வயிற்றுப் புழு ஆராய்ச்சி செய்கிற டாக்டர்கள் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு நம்பர் போட்ட தகர டப்பாவைக் கொடுத்து, காலையில் வெளிக்குப் போனதில் கொஞ்சம் எடுத்துவரச் சொன்னார்கள். தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வீரய்யாவுக்கு மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன் பெண்சாதியின் மலத்தை எவனோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதா! அவளுடைய இருபத்தேழாம் நம்பர் டப்பாவிலும் தன்னுடையதையே போட்டுக் கொடுத்துவிட்டான். பெரிய சாமர்த்தியம்தான், போங்கள்!

தோட்டத்து டாக்டர் ஐயா ஞானரட்ணம், இருபத்தேழாம் நம்பர் டப்பாவுக்குக் கொழும்பிலிருந்து வந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தப் புள்ள ஒடம்புல ரத்தமே இல்ல. வெறுங்காலோட மலையில நிக்கிறவங்களுக்கு மண்ணுலேருந்து கொக்கிப்புழு ஏறும். கொடல்ல இருந்துக்கிட்டு ரத்தத்த உறிஞ்சும். இவளுக்கும் அதான்னு நெனச்சேன். ஆனா புழு இல்லைன்னு எழுதியிருக்காங்களே! அப்ப என்ன மருந்துன்னு குடுக்கிறது?”

வாசலில் பாதி லயம் கூடி நின்றது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவளும் போவாள், வயிற்றுப் பிள்ளையும் போகும். வீரய்யா மேசையைப் பிடித்துக்கொண்டான்.

“ஐயா, அது அவளோடது இல்லீங்க. என்னோடதுங்க.”

“எதுப்பா?”

“டப்பாவுல இருந்ததுங்க.”

வாசலில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஞானரட்ணம் தலையில் அடித்துக்கொண்டார். “அட மடையா! நீ ஸ்டோர்ல பலகை மேல நிக்கிறவன். ஒனக்குப் புழு எங்கேருந்து வரும்?”

அன்றே நாகலெட்சுமியின் சொந்த டப்பா கொழும்புக்குப் போனது. நாலாம் நாள் பதில் வந்தது: கொக்கிப்புழு முட்டைகள் எக்கச்சக்கம். ரத்தம் ஊற இப்போதே இரும்பு மருந்து, பிள்ளை பெற்ற பிறகு புழு மருந்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் அவள் உதட்டில் சிவப்புத் தெரிந்தது. ஒருநாள் இரண்டாம் முறை சோறு கேட்டாள். போட்ட கையோடு வீரய்யா அடுப்படியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் செல்லசாமி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

“அண்ணே, நானும் எம் பொண்டாட்டி டப்பாவுல... ஒங்களப் போலத்தான். அவளுக்கும் இப்ப தல சுத்துதுன்றா.”

நாகலெட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

“ஒங்க ரோசத்துக்கு எங்க உசிரா கெடச்சுச்சு? நோய டாக்டர் பாத்தா மானம் போயிராது தம்பி, மறைச்சாத்தான் ஆளே போயிரும். ஓடுங்க, இப்பவே அவள ஐயாக்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போங்க!”